தோணியிலிருந்து இறங்கியவர்

ஜூன் 12, திங்கள்

இந்த டைரியை மகள் முத்துச்செல்வி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு எந்த மாத்திரை எப்போது கொடுத்தேன், காய்ச்சல் இருந்ததா, வலி எப்படி என்றெல்லாம் எழுத வேண்டுமாம். டாக்டர் கேட்டால் நான் முழிக்கக் கூடாதாம். காலையில் ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். இனி வீட்டில் அவரும் நானும்தான்.

மாத்திரை கொடுத்தாயிற்று. காய்ச்சல் இல்லை. வலி உண்டு.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் கூப்பிடலாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. தானே ஏறி, ஏணி சறுக்கி, வலது தொடை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். இப்போது மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 14, புதன்

மின்விசிறி சத்தம் போடுகிறதாம். எனக்குக் கேட்கவில்லை.

ஜூன் 17, சனி

செல்போனில் வீடியோ பார்த்தால் தலை வலிக்கிறது என்கிறார். டிவியை அறைக்குள் கொண்டுவர வயர் எட்டவில்லை. மத்தியானம் உலை வைத்திருந்தபோது கூப்பிட்டார்.

"மார்க்கெட்டுக்குப் பின்னால லைப்ரரி இருக்கில்லா. அங்க போயி ஏதாவது கதப் புஸ்தகம் எடுத்துட்டு வாயேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களா படிக்கப் போறீய?"

"நீ படி. நான் கேக்கேன். எழுத்தப் பாத்தா எனக்குத் தூக்கம் வந்துரும்." நான் திரும்பும்போது, "கீழ பேப்பர் படிக்கவங்கதான் இருப்பாங்க. கதப் புஸ்தகம்லாம் மாடில" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். இவர் நூலகப் படி ஏறி நான் பார்த்ததில்லை. மாடியில் என்ன இருக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? கேட்க நினைத்தேன். அதற்குள் கஞ்சி பொங்கிவிட்டது.

ஜூன் 18, ஞாயிறு

பக்கத்து வீட்டு லட்சுமியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு நூலகம் போனேன். கதைப் புத்தகம் மாடியில்தான்.

அந்த வாசனை. கோவில்பட்டியில் அப்பாவுடன் நூலகம் போகும்போது எனக்குப் பாவாடை சட்டை வயது. அவர் நாளிதழ் படித்து முடிக்கும்வரை நான் அலமாரிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருப்பேன். பழைய தாளும் பசையும் மழையில் ஊறிய மரச் சட்டமும் கலந்த அந்த வாசனை இங்கேயும் அப்படியே இருக்கிறது. படி ஏறியதும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன்.

நூலகர் பெயர் ஜெபக்கனி. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதை மேஜையில் தேடிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பிறகு சிரித்தாள்.

"யாருக்குக்கா புஸ்தகம்?"

"வீட்டுக்காரருக்கு. கால் முறிஞ்சு படுத்திருக்காரு. நான் படிச்சுக் காட்டணும்."

"அவருக்கு என்ன மாதிரி பிடிக்கும்?"

சொதிக் குழம்புக்கு இஞ்சித் துவையல் இல்லாவிட்டால் அவருக்கு இறங்காது, அது தெரியும். காப்பி எந்தச் சூட்டில் வேண்டும் என்று தெரியும். புத்தகத்தில் எது பிடிக்கும் என்று தெரியாது.

"பஸ் பிடிக்கும்" என்றேன்.

ஜெபக்கனி சிரிக்காமல் யோசித்தாள். பிறகு இமயமலையில் கால்நடையாகப் போன ஒருவர் எழுதிய பயணப் புத்தகத்தையும் ஒரு துப்பறியும் நாவலையும் எடுத்துத் தந்தாள். என் பெயரில் அட்டை போட்டுக்கொடுத்தாள்.

ஜூன் 21, புதன்

பயணப் புத்தகம் தோல்வி. "நடந்தா போனான்? அந்த மலைக்கு பஸ் உண்டே" என்றார்.

துப்பறியும் நாவலில் மூன்றாம் அத்தியாயத்திலேயே "அந்த டாக்டர்தான் கொன்னிருக்கான்" என்றார். கடைசியில் டாக்டர்தான். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

வலி குறைந்திருக்கிறது. மலச்சிக்கல். பப்பாளி வாங்க வேண்டும்.

ஜூன் 25, ஞாயிறு

சத்தமாகப் படிக்க ஆரம்பித்தால் என் குரல் பழைய குரலாகிவிடுகிறது. கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது இருந்த குரல். காதில் ஹெட்போனை மாட்டினால் எல்லாப் பெண்களுக்கும் அந்தக் குரல் வந்துவிடும். ஒரு வார்த்தை மற்றதன்மேல் ஏறாது. பம்பாய்க்கு ட்ரங்க் கால் கேட்டுக் காத்திருக்கும் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளிகள் என்னைச் சொல்லி, "அந்தச் செண்பகவல்லி லைன்ல இருந்தா நல்லாக் கேக்கும்" என்பார்களாம்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன். மாத்திரை கொடுத்தாயிற்று.

ஜூன் 29, வியாழன்

இன்று எடுத்து வந்த நாவலைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"ஒரு கத இருக்கு. பேரு தெரியாது. அது லைப்ரரில இருக்குமான்னு கேளு."

"என்ன கத?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. தூத்துக்குடி. வெள்ளைக்காரன் காலம். பேச்சி என்று ஒரு பெண். கல்யாணமான ஆறு மாதத்தில் புருஷன் கொழும்புக்கு ஒரு கடையில் வேலைக்குப் போகிறான். கொஞ்ச நாள் தகவல் வருகிறது, பிறகு இல்லை. இவள் ஊரை விட்டுத் தூத்துக்குடிக்கே வந்து, கரையில் ஒரு பூவரச மரத்தடியில் சோற்றுக்கடை போடுகிறாள். கப்பல் கடலுக்குள்ளேயே நிற்கும். ஆட்களைத் தோணியில்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு தோணி வரும்போதும் இவள் முகங்களைப் பார்ப்பாள். வருஷம் போகிறது, தலை நரைக்கிறது, கடை பெரிதாகிறது. ஒருநாள் கடைசித் தோணியில் ஒருத்தன் வருகிறான். கையில் குடை. தலைச்சுமையாகக் கறுப்புத் தகரப்பெட்டி. இவள் அகப்பையும் கையுமாகக் கடையை விட்டு வெளியே வருகிறாள்.

"அப்புறம்?"

"அதுதான் தெரியல. இறங்கினது யாருன்னு தெரியல."

"எங்க படிச்சீய?"

"படிக்கல. கேட்டது."

"யாரு சொன்னா?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "பழைய கத" என்றார்.

ஜூலை 1, சனி

ஜெபக்கனியிடம் பேச்சியின் கதையைச் சொன்னேன். கண் விரிந்துவிட்டது. "எனக்கே தெரியலியேக்கா" என்று மேலும் கீழும் அலமாரிகளைப் பார்த்தாள். பிறகு வாசலில் இருக்கும் கரும்பலகையில் அன்றைய பொன்மொழியை அழித்துவிட்டு எழுதினாள்: "தூத்துக்குடிக் கரையில் சோற்றுக்கடை நடத்தும் பேச்சியின் கதை எந்த நாவல்? தெரிந்த வாசகர்கள் மாடிக்கு வந்து சொல்லவும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எதுக்கு இதெல்லாம்?"

"இருக்கட்டும்க்கா. இங்க தெனமும் பேப்பர்லயே தலையக் குனிஞ்சு இருக்கவங்க, ஒரு நாள் நிமிந்து பாக்கட்டும்."

ஜூலை 2, ஞாயிறு

நெல்லையப்பர் தேர். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். திருநெல்வேலி டவுன் இங்கிருந்து எவ்வளவு தூரம், சத்தம் கேட்கவா போகிறது? தேருக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டிய வருஷங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஈரடுக்கு மேம்பாலத்தில் இஞ்ச் இஞ்சாக வண்டி நகருமாம். ஒரு குழந்தை அவர் மடியிலேயே தூங்கிவிட்டதாம்.

ஜூலை 9, ஞாயிறு

கரும்பலகை வேலை செய்கிறது. ஆளாளுக்கு மாடி ஏறி ஒரு புத்தகம் சொல்கிறார்களாம். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், அது தூத்துக்குடியே இல்லை, ரங்கூன்தான், அடித்துச் சொல்வேன் என்று ஒரு நாவலை எடுத்து நீட்டியிருக்கிறார். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பெண் உப்பளத்தைப் பற்றிய கதை ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். இன்னொருவர், கடல் என்றதும் சுறா வேட்டை பற்றி ஒரு தடிப் புத்தகம். எதிலும் பேச்சி இல்லை.

ஆனால் அத்தனையையும் ஜெபக்கனி எனக்குத் தந்துவிடுகிறாள். ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்த குடும்பத்தின் கதையை வாசித்தபோது இவர் வாயே திறக்கவில்லை. ஆற்றைக் கடக்கும் இடத்தில், "மெதுவாப் படி" என்றார். இப்போது சாயங்காலம் ஆனால் அவரே தலையணையைச் சரிசெய்து, தண்ணீர்ச் செம்பை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

உப்பளக் கதையை நான் எனக்காகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். குக்கர் விசில் வருவதற்குள் நாலு பக்கம் போகிறது.

ஜூலை 13, வியாழன்

இன்று படிக்கும்போது நடுவில் சொன்னார்: "நீ படிக்கது நல்லாருக்கு. ஆனா அவ கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுவா. தோணி வருதுன்னா தோணி மாதிரியே ஆடுவா."

அவ என்றார். சொன்னது அவருக்கே உறைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இவருக்கு அக்கா தங்கை கிடையாது. மாமியாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. யார் என்று எனக்குத் தெரியும்.

உலகம்மாள். இவருடைய முதல் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்கடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தபோதே மாமியார் சொல்லிவிட்டார்கள், ஒளித்து மறைத்து ஒன்றும் இல்லை. ஆனால் நான் வந்த பிறகு இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. இவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவளுக்காகத்தான் மாடி ஏறியிருக்கிறார். டூட்டி முடிந்து, காக்கிச் சட்டையோடு, ஒரு பெண்ணுக்குப் பிடித்த புத்தகத்தைத் தேடி எடுத்திருக்கிறார்.

எனக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் நான் வருவதற்கு முன்னால் நடந்தது. இன்று உளுந்தஞ்சோறு. உப்பு கூடிவிட்டது.

ஜூலை 19, புதன்

கிடைத்துவிட்டது.

ஞானசவுந்தரி என்று ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. பேரனுக்குப் படப் புத்தகம் எடுக்க வந்தவர்கள் கரும்பலகையைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க மாடி ஏறியிருக்கிறார்கள். "பேச்சியத் தெரியாதா? நாங்க ட்ரெய்னிங் ஸ்கூல்ல படிக்கும்போது ஆளாளுக்கு அழுதோமே" என்றார்களாம். நாவலின் பெயர் தோணிக்கரைக் கடை. எழுதியவர் பெயரை நான் முன்னே பின்னே கேள்விப்பட்டதில்லை. கிழிந்து பைண்டிங்குக்குப் போய் வந்த புத்தகக் கட்டுகளில் அது கிடந்திருக்கிறது. நான் உள்ளே நுழைந்ததுமே ஜெபக்கனி எழுந்து நின்று அதைத் தூக்கிக் காட்டினாள். கீழே பேப்பர் படிப்பவர்களுக்குக்கூடச் செய்தி போயிருந்தது. "கெடச்சிட்டாமே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

வீட்டுக்கு வந்தேன். பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தேன்.

"இன்னைக்கு என்ன கத?" என்றார். சுறா வேட்டையை எடுத்துப் படித்தேன்.

ஜூலை 20, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேலை சரியாக இருந்தது.

ஜூலை 23, ஞாயிறு

"பேச்சி கத பத்தி யாரும் சொல்லலியா?" என்று கேட்டார்.

"தேடுதாங்க."

தோசைக்கு அரைத்து வைத்தேன். முத்துச்செல்வி போனில் பேசினாள். அப்பா குரல் தெளிவாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். உன் குரல்தான் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சாரல் காற்று, ஜலதோஷம் என்றேன்.

ஜூலை 27, வியாழன்

மத்தியானம் அவர் தூங்கும் நேரங்களில் அடுக்களையில் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டேன். நல்ல நாவல்.

தோணியிலிருந்து இறங்குவது புருஷன்தான். பேச்சிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. நரைத்திருக்கிறான், உடம்பு போட்டிருக்கிறது, ஆனால் நடை அதேதான். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. பசியோடு நேராகக் கடைக்குள் வந்து உட்காருகிறான். இலை போடுகிறாள். அவன் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். கை கழுவிவிட்டு, "சோறு நல்லாருந்துது, அம்மா" என்கிறான். ரயிலடிக்கு வழி கேட்கிறான். அகப்பையை நீட்டி வழி காட்டுகிறாள். அவ்வளவுதான் கதை.

இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? ஞானசவுந்தரி டீச்சர் சின்ன வயதில் படித்ததால் அழுதிருப்பார்கள்.

இவருக்கு இதைப் படித்துக் காட்டத்தான் வேண்டுமா என்று தோன்றுகிறது. உடம்பு சரியில்லாதவர்.

ஆகஸ்ட் 2, புதன்

தவணை முடிகிறது என்று புதுப்பிக்கப் போனேன்.

"சாருக்குப் பிடிச்சிருந்துதாக்கா? தோணில யாரு வந்தான்னு தெரிஞ்சதும் என்ன சொன்னாரு?"

"இன்னும் அந்த எடம் வரல."

ஜெபக்கனி என் முகத்தைப் பார்த்தாள். முத்திரை குத்திக்கொண்டே, "நீங்க படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேன்."

"உங்களுக்கு எப்படி இருந்துது?"

என்னை யாரும் இப்படிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. பேச்சி ஏன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் என்றேன். "நான்தான் பேச்சின்னு சொன்னா என்ன? அவன் என்ன முழுங்கிருவானா?" சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் கேக்கணும்னு நெனச்சிருப்பாக்கா" என்றாள் ஜெபக்கனி.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நேற்று எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடி வருகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலைத் தூக்கியபடி நிற்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று காலை ஜன்னல்வரை கொண்டுபோனேன். வியர்த்துக் கொட்டியது. நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே பேசினார்.

"உலகம்மாதான் சொன்னா. அந்தக் கதைய."

"தெரியும்."

"தெரியுமா?" திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் தெருவைப் பார்த்தார். "அவளுக்கு வெளிய போக முடியாது. அம்மா விட மாட்டா. நான்தான் எடுத்துட்டு வந்து குடுப்பேன். எனக்குத் தெரியுமா எது நல்ல புஸ்தகம்னு? அங்க இருக்கவருகிட்ட, பொம்பளைங்க படிக்க மாதிரி ஒண்ணு குடுங்க சார்னு கேப்பேன். படிச்சிட்டு எனக்கு ராத்திரி சாப்பாட்டுக்குச் சொல்லுவா. தெனம் கொஞ்சம்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மார்கழி மாசம். சபரிமல ஸ்பெஷல் போட்டுட்டாங்க. அவளுக்கு ரெண்டு நாளா வாந்தி. கண்ணு மஞ்சளா இருக்குன்னு அம்மா சொன்னா. லீவு கேட்டேன், கெடைக்கல. சாமிக பஸ்ஸில்லா, ஆளில்லன்னுட்டாங்க. கெளம்பும்போது வாசல்ல நின்னு, தோணில யாரு வந்தான்னு சொல்லுட்டின்னு கேட்டேன். வந்து கேளுங்கன்னா."

செங்கோட்டையில் வண்டியை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்களாம். வேறு டிரைவரை ஏற்றிவிட்டு, இவர் பயணியாக உட்கார்ந்து வந்தாராம். அந்தப் புத்தகத்தை மாமியார் யார் மூலமாகவோ நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"அப்பவே போயிக் கேட்டுப் படிச்சிருக்கலாம். பயமா இருந்துது. முடிவு தெரிஞ்சா எல்லாம் முடிஞ்சு போயிரும்னு. இப்ப இந்தக் கட்டில்ல கெடக்கும்போது, தெரியாமலே போயிருவமோன்னு பயம்."

நான் எழுந்து பீரோவைத் திறந்தேன். புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எப்ப கெடச்சுது?"

"போன மாசமே."

என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் தரவில்லை என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்கவில்லை. "சரி, படி" என்றார்.

ஆகஸ்ட் 9, புதன்

முதல் பாதி ஆயிற்று. அவள் சொன்னதும் இதில் இருப்பதும் சில இடங்களில் ஒட்டவில்லையாம். கடையில் ஒரு நொண்டிப் பூனை இருந்ததாகச் சொன்னாளாம், இதில் பூனையே இல்லை. "அவளாப் போட்டுக்கிட்டிருக்கா" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பூனை இருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 12, சனி

கடைசித் தோணி கரைக்கு வந்தது. குடை. தகரப்பெட்டி. பேச்சி அகப்பையோடு வெளியே வருகிறாள். அவர் கையைத் தூக்கினார்.

"இங்கதான்."

நிறுத்தினேன். நாளைக்குப் படிக்கலாம் என்றார். புத்தகத்தைக் கவிழ்த்து அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். இட்லியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

படித்து முடித்தேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "அடப்பாவி. அவ கையால மறுசோறு வாங்கித் திங்கான். அவளத் தெரியலியா அவனுக்கு?"

"தெரியலியே."

"எப்படித் தெரியாமப் போகும்? பக்கத்துல உக்காந்து சாப்பிடுதான்."

"சாப்பாட்டப் பாத்துச் சாப்பிட்டிருப்பான்" என்றேன்.

இவ்வளவு வருடமாக இவர் தனக்குள் ஒரு முடிவு வைத்திருந்தாராம். புருஷன் வந்து, பேச்சி கடையைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்துவிட்டு, இரண்டு பேரும் ரயிலேறி ஊருக்குப் போவது மாதிரி. அதைச் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

காலையில் காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். வாங்கியவர் குடிக்காமல் என்னையே பார்த்தார்.

"நீ கல்யாணத்துக்கு முன்னால புஸ்தகம்லாம் படிப்பியோ?"

"எதுக்குக் கேக்கீய?"

"நேத்து ராத்திரி நெனச்சேன். இவ்வளவு நாளாப் படிக்க, ஒரு எடத்துலயும் தட்டல, முட்டல. பழக்கம் இல்லாம வருமா?"

சொன்னேன். காப்பி ஆறிப்போகும்வரை சொன்னேன். எக்ஸ்சேஞ்சில் போர்டுக்கு அடியில் முழங்காலில் நாவலை விரித்து வைத்துக்கொள்வோம். மேலே அழைப்பு விளக்கு எரிந்தால் கண் அங்கே போகும், கை ஒயரைச் செருகும், வாய் "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லும், மனசு மட்டும் கதையில் இருக்கும். மத்தியானம் லைன் குறைவாக இருக்கும்போது நான் சத்தமாகப் படிப்பேன், மற்ற மூன்று பெண்களும் ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திக்கொண்டு கேட்பார்கள். சூப்பர்வைசர் அம்மா வந்து திட்டுவார்கள், பிறகு "அந்தப் பொண்ணு கடைசில அவனத்தான் கட்டினாளா?" என்று கேட்பார்கள். சம்பள நாளில் நாலு பேரும் சேர்ந்து ஸ்டேஷன் பக்கம் உள்ள கடையில் நன்னாரி சர்பத் குடிப்போம். கல்யாணத்தோடு வேலையை விட்டேன். புத்தகமும் அதோடு போயிற்று. யாரும் படிக்காதே என்று சொல்லவில்லை. கைக்குழந்தை, மாமியாருக்குப் பத்தியச் சமையல், இவர் டூட்டிக்குக் கிளம்பும் நேரம் ஒரு நாள் போல ஒரு நாள் இராது. அப்படியே நின்றுபோனது.

"இத நீ சொல்லவே இல்லியே" என்றார்.

"நீங்க கேக்கலியே."

வெடுக்கென்று வந்துவிட்டது. அவர் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, கேக்கல" என்றார். ஆறிய காப்பியை அப்படியே குடித்தார்.

ஆகஸ்ட் 16, புதன்

தோணிக்கரைக் கடையைத் திருப்பிக் கொடுத்தேன். ஞானசவுந்தரி டீச்சர் கேட்டு வைத்திருக்கிறார்களாம்.

ஜெபக்கனி வழக்கம்போல, "அடுத்து சாருக்கு என்ன குடுக்கலாம்?" என்றாள்.

"இந்தத் தடவ எனக்கு. எனக்குப் பிடிச்சத எடுக்கணும்னு அவரு சொல்லிவிட்டிருக்காரு."

"சொல்லுங்க. உங்களுக்கு என்ன மாதிரி பிடிக்கும்?"

எனக்கு என்ன பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த முறை அவள் எடுத்துத் தரவில்லை. நானே அலமாரிகளுக்கு நடுவில் போனேன். எடுத்தேன், முதல் பக்கம் படித்தேன், வைத்தேன். கால் வலித்ததும் யாரும் பார்க்கவில்லை என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். லட்சுமிக்கு நேரமாகும் என்று பாதியில்தான் நினைவு வந்தது. போன் பண்ணினேன். "மெதுவா வாங்க மதினி, அண்ணாச்சி எனக்கு ரங்கூன் கத சொல்லிட்டிருக்காங்க" என்றாள்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளரும் இரண்டு சகோதரிகளைப் பற்றிய பெரிய நாவலாகப் பார்த்து எடுத்தேன். தூக்கினால் கை வலிக்கிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சகோதரிகளில் அக்காவை எனக்குப் பிடித்திருக்கிறது. இவருக்குத் தங்கச்சிதான். பீன்ஸ் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே என்னோடு சண்டை போடுகிறார். "ஒங்க அக்காவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்கிறார், ஏதோ என் கூடப் பிறந்தவள் மாதிரி.

மத்தியானம் உலகம்மாளைப் பற்றி நானே கேட்டேன். எப்படிச் சிரிப்பாள் என்று. யோசித்துப் பார்த்துவிட்டு, "சத்தமே வராது, தோளு மட்டும் குலுங்கும்" என்றார். கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருந்தது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

காய்ச்சல், இந்தத் தடவை எனக்கு. டைரியில் எழுத வேண்டியதுதானே: மாத்திரை போட்டேன். தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. ரசம் வைத்து இருவரும் சாப்பிட்டோம். இன்று கதை கிடையாது என்று சைகை காட்டினேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

நேற்று அதற்குப் பிறகு நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன்.

நான் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். சகோதரிகளில் அக்கா வீட்டை விட்டுக் கிளம்பிய இடத்தில் கதை நின்றிருந்தது. அவர் வாக்கரை இழுத்து, மெல்ல எழுந்து, அலமாரியிலிருந்து தன் கண்ணாடியை எடுப்பது கேட்டது. விழுந்துவிடப் போகிறாரே என்று எழப்போனேன். "படு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, அவர் சுவரோரம் சாய்ந்துகொண்டார்.

படிக்க ஆரம்பித்தார்.

எல்லா நிறுத்தத்திலும் நின்று போகிற டவுன் பஸ் மாதிரிப் படித்தார். நீளமான வார்த்தை வந்தால் மெதுவாக்கினார். தவறாகப் படித்துவிட்டால் பின்னால் எடுத்து மறுபடி வந்தார். அக்கா அழும் இடத்தை, கூட்டமான பஸ்ஸில் உள்ளே போகச் சொல்கிற குரலில் படித்தார். எனக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். கோவில்பட்டியில் நான் படிக்கப் படிக்க ஹெட்போனை நகர்த்திவிட்டுக் கேட்ட அந்த மூன்று பெண்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தேன். எனக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை. அப்பாகூடத் தனக்காகத்தான் படிப்பார்.

ஒரு அத்தியாயம் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தூங்கிட்டியா? நிப்பாட்டிரவா?" என்றார்.

பேசக் குரல் இல்லை. கையை நீட்டிக் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன், வண்டியை எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் பக்கவாட்டில் தட்டுவது மாதிரி.

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "ரைட்டு" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார்.